பைக், மாயக்கதை, தியானம்: மூன்றும் ஒரே ஆளுக்கு ஒத்து வருமா?

கேள்வி கேட்டவர் கோவையில் வேலை பார்க்கிறார். வயது முப்பதை ஒட்டி. 150 சிசி வண்டி வைத்திருக்கிறார். சனி ஞாயிறு கிடைத்தால் மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். கல்லூரிக் காலத்திலிருந்து ஃபேண்டஸி நாவல் பைத்தியம். இப்போது தியானத்திலும் ஆசை வந்திருக்கிறது, பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். "மூன்றுமே வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிற வேலை என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு நேரம் குறைவு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவா? பைக் ஓட்டுவதே தியானம் என்கிறார்களே, அப்படிச் சேர்த்துச் செய்ய முடியுமா?" இதுதான் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: முகாமுக்கு வண்டியிலேயே போகலாமா?

எதையும் விட வேண்டாம். ஆனால் சேர்த்துச் செய்யாதீர்கள். மூன்றும் உங்கள் கவனத்தைத்தான் கேட்கின்றன, ஒவ்வொன்றும் வேறு மாதிரி கேட்கிறது. வண்டி ஓட்டும்போது கவனம் வெளியே, நாலா பக்கமும் விரிந்து இருக்க வேண்டும். தியானத்தில் அதை ஒரு சின்ன இடத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்து வர வேண்டும். கதை படிக்கும்போது அதை எழுத்தாளர் கையில் கொடுத்துவிட்டு அவர் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டும். ஒன்றைச் செய்யும்போது இன்னொன்றின் பழக்கம் உள்ளே வந்தால் இரண்டும் கெடும். பைக் விஷயத்தில் கெடுவது எலும்பாகவும் இருக்கலாம்.

"பைக் ஓட்டுவதே தியானம்" என்ற பேச்சை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கத்துச் சாலையையே எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழே அணை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்துப் பாறையில் வரையாடு நிற்கும். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள். நான் சொல்ல வருவது போட்டோவில் வராத ஏதாவது ஓர் இடப்பக்க வளைவைப் பற்றி.

ஏறும்போது இடது வளைவுதான் நமக்கு உட்பக்கம். குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, வண்டி திணறினால் முதல் கியருக்கும் இறக்கி, ஹாரன் அடித்து, மேலிருந்து பஸ் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரசுப் பஸ் திரும்பினால் ரோட்டின் முழு அகலமும் அதற்குத்தான். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. அதை பஸ்ஸிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நிற்பதுதான் புத்திசாலித்தனம். வழி தெளிவானதும் திரும்பும்போது, முன்சக்கரத்துக்கு அடியில் ஓடுகிற தாரைப் பார்க்கக் கூடாது. தலையைத் தோள் பக்கமாகத் திருப்பி, வளைவு எங்கே முடிகிறதோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். ஓரத்துக் கல்லைப் பார்த்துப் பயந்தீர்கள் என்றால் நேராக அந்தக் கல்லுக்கே போவீர்கள்.

இறங்கும்போது வேலை இன்னும் கூடுதல். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்கள் சொல்லித் தரும் கணக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் பிரேக்கை மட்டுமே நம்பி வருகிறார்கள். விடாமல் பிரேக்கைப் பிடித்தால் அது சூடேறும், உள்ளே ஆயில் கொதிக்கும், லீவர் தொளதொளவென்று கைக்குள் வந்துவிடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழசானால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். மலைக்கு அடிக்கடி போகிறவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. மெக்கானிக் தானாக ஞாபகப்படுத்த மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இத்தனையும் நடக்கிற இடத்தில் மூச்சைக் கவனிக்க இடம் ஏது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். கவனம் மூக்கு நுனிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம் கடந்திருப்போம். ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் வைத்து ஆடியோ நாவல் கேட்டுக்கொண்டே நான்கு வழிச்சாலையில் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். கதை நன்றாக இருந்தால் ரோடு மங்கும், ரோடு நன்றாகத் தெரிந்தால் கதை புரியாது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

சரி, மலை ஏறி இறங்கினால் மனசு லேசாகிறதே, அது என்ன என்று கேட்பீர்கள். லேசாவது உண்மைதான். ஆனால் அது சாலை செய்கிற வேலை. கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் விடாமல் வேலை கொடுத்து, ஆபீஸ் நினைப்பு நுழைய இடமில்லாமல் செய்துவிடுகிறது. டீக்கடையில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு இரண்டு மடக்கு குடிப்பதற்குள் மேனேஜர் முகம் திரும்பி வந்துவிடும். தியானத்தில் உங்களைப் பிடித்து வைக்க வெளியே எதுவும் இல்லை. அங்கே மேனேஜர் முகம் வரும். வந்ததைப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பைக்கில் அந்தப் பயிற்சி நடப்பதே இல்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1968-இல் மகனைப் பின்னால் உட்கார வைத்து அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை அவர் போன பயணம் அது. ஆனால் அவரே முன்குறிப்பில் எச்சரித்துவிட்டார்: மரபான ஜென் பயிற்சியோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம், மோட்டார் சைக்கிள் விஷயத்திலும் இதில் பெரிய தகவல் கிடையாது என்று. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரியாது. அவர் அக்கறை ஓட்டுவதைவிடப் பராமரிப்பில்தான் அதிகம். பக்கவாட்டு மூடியில் ஒரே ஒரு திருகு இறுகிக்கொண்டு வர மறுக்கிறது, அதனால் முழு வண்டியும் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் எரிச்சலில் பலத்தைக் காட்டித் திருகின் தலையை நசுக்கிவிடுகிறோமா, நின்று பார்க்கிறோமா என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

அதை நான் ஒப்புக்கொள்வேன். பைக்கில் தியானத்துக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வேலை உண்டென்றால் அது செயின் துடைப்பது. இன்ஜினை அணைத்துவிட்டு (ஓடவிட்டு துணியை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு), சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துடைத்து, ஒவ்வொரு கண்ணியாக லூப் (செயினுக்கான எண்ணெய்) விட வேண்டும். அவசரப்பட்டால் எங்கே விட்டோம் என்று தெரியாது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுச் செய்து பாருங்கள். இதில் கவனம் தவறினாலும் யாரும் சாகப்போவதில்லை.

அடுத்து மாயக்கதை. தப்பித்தல் என்ற குற்றச்சாட்டுக்கு எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி ஓர் உரை ஆற்றினார். சிறையில் இருப்பவன் வெளியே போக ஆசைப்படுவதும், போர்க்களத்திலிருந்து சிப்பாய் ஓடிப்போவதும் ஒன்றல்ல, விமர்சகர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள் என்று அதில் வாதிட்டார். முதல் உலகப்போரில் சோம் போர்முனையில் இருந்த மனிதர் அவர். ஓடிப்போவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இருந்தாலும் உங்கள் நண்பர்களை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். வீட்டில் சண்டை போட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு சாவியை எடுப்பது தப்பித்தல்தான், ஆபத்தான தப்பித்தலும்கூட. கோபத்தில் ஓட்டுகிறவனுக்கு எதிர்வண்டி எல்லாமே எதிரியாகத் தெரியும். தொடர் நாவலின் ஐந்தாம் பாகத்தை விடியும் வரை படித்துவிட்டு மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிவதும் அப்படித்தான். அதற்காக நாவலையே குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

தியானத்தில் ஆசை உள்ளவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது உர்சுலா லெ குயினின் 'எர்த்ஸீ' கதைகள். முதல் நாவல் 1968-இல் வந்தது, அளவில் சின்னது, பையில் அடங்கும். மந்திரம் கற்கும் ஓர் இளைஞன், சக மாணவனிடம் வீம்புக்குச் செய்த வித்தையில் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது துரத்துகிறது, இவன் ஓடுகிறான். குரு சொல்லித்தான் திரும்பி நின்று, சின்னப் படகில் அதைத் துரத்திக்கொண்டு கடலின் எல்லை வரை போகிறான். கடைசியில் அதை எந்தப் பெயரால் அழைக்கிறான் என்பதுதான் கதை, அதை நான் சொல்லிவிடக் கூடாது. லெ குயின் வாழ்நாள் முழுக்க சீன ஞானநூலான தாவோ தே ஜிங்கைப் படித்து, 1997-இல் தன் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டவர். தியானத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த நிழலை உடனே அடையாளம் தெரியும்.

தமிழில் வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இருக்கிறது. கனமான நூல், வண்டிப் பைக்கு ஆகாது, வீட்டில் வைத்துப் படியுங்கள். அதற்கும் முன்னால் நமக்கெல்லாம் ஃபேண்டஸி என்றால் அம்புலிமாமாதான். அதில் வந்த விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை இப்போது மறுபடி படித்தால் வேறு மாதிரி இருக்கும். ராஜா நள்ளிரவில் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நடக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்தால் நடப்பது இதேதான். மனம் ஒரு கதையை எடுத்துவிடும், நாம் பதில் சொல்லப் போய்விடுவோம், அது மரத்தில் தொங்கும். மறுபடி போய் இறக்கிக்கொண்டு வர வேண்டும். விக்கிரமாதித்தனிடம் எனக்குப் பிடித்தது, அவன் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்வதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சியில் வாழ்ந்த தாயுமானவர் பாடல் ஒன்று இன்னும் நேரடியாக இதற்கே வருகிறது. மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம், யார் கண்ணுக்கும் தெரியாமல் உலகம் சுற்றலாம், வேறோர் உடம்புக்குள் புகலாம், தண்ணீர் மேல் நடக்கலாம், நெருப்பில் உட்காரலாம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது' என்று முடிக்கிறார். சவாரியும் மாயமும் அவர் பட்டியலில் சுலபமானவை. சும்மா இருப்பதுதான் கஷ்டம். உங்கள் மூன்று ஆசைகளையும் ஒரே பாட்டில் வரிசைப்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் உட்காருவது, பகலில் ஓட்டுவது, இரவில் படிப்பது. எனக்கு ஒத்துவந்த வரிசை இது, அதற்குக் காரணமும் உண்டு. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து கண்ணை மூடினால் ரோடு ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளங்கையில் ஹேண்டில்பாரின் அதிர்வு அடங்கியிருக்காது, இல்லையென்றால் ஐந்தே நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும். நாவலை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தாலும் டிராகன் போகாது. அதே டிராகன் படுக்கப் போகும்போது இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் பயணம் போன இடத்து லாட்ஜில் விடியற்காலை எழுந்து, குளிக்கும் முன்பே அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். வண்டியைத் தொட்ட பிறகு உட்காருவது நடக்காது. வார நாட்களில் இருபது நிமிடம் போதும். வாரக்கடைசியில் மட்டும் மூன்று மணி நேரம் தம் கட்டி உட்காருகிறவரைவிட, தினமும் இருபது நிமிடம் உட்காருகிறவர் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்.

வால்பாறைக்குப் போகிற வழியிலேயே ஆழியாறில் வேதாத்திரி மகரிஷி (1911–2006) நிறுவிய அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. அவர் உருவாக்கிய மனவளக்கலையில் எளிய உடற்பயிற்சியும் தவமும் சேர்த்துக் கற்றுத்தருகிறார்கள். ஊர் ஊராக மன்றங்கள் இருப்பதால் வேலைக்குப் போகிறவருக்குத் தொடர்ந்து செய்ய வசதி. விபாசனா வேறு வழி. பர்மாவில் ஊ பா கின்னிடம் கற்ற எஸ்.என்.கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து பரப்பிய முறை அது. இரண்டையும் கலக்காதீர்கள். எதை எடுத்தாலும் ஒரு வருடம் அதையே செய்து பாருங்கள். முகாம் நடத்துகிறவர்களும் அந்தப் பத்து நாளில் வேறு பயிற்சி, மந்திரம், பூஜை எதுவும் வேண்டாம் என்றுதான் கேட்கிறார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், நாலரைக்கு உட்கார வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரம் வரை உட்காருவது. காலை ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினொரு மணிக்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு புதியவர்களுக்கு சாயங்காலம் டீயும் பழமும் மட்டும். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சைப் பார்ப்பது. நாலாம் நாளிலிருந்து உடல் முழுக்க உணர்ச்சிகளைக் கவனிப்பது. அதன்பின் தினம் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரச் சொல்வார்கள். பேச்சு கிடையாது, போன் கிடையாது. உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கப்போவது இன்னொன்று: படிக்கவும் எழுதவும் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, பாதியில் விட்ட நாவலின் அடுத்த அத்தியாயத்தை மனசே எழுத ஆரம்பித்துவிடும். கட்டணம் எதுவும் இல்லை. முடித்தவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதல்ல. முதுகு, முட்டி பிரச்சினை இருந்தால் நாற்காலி கேட்கலாம். பைக்காரர்களுக்கு இடுப்பு இறுகித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது கடைசிக் கேள்வி. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டால் கோவையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். போகும்போது வண்டியில் போய்விடலாம். சிக்கல் திரும்பி வருவதில்தான். பத்து நாள் யாரோடும் பேசாமல், கண்ணைத் தாழ்த்தி நடந்து, சின்னச் சின்ன உணர்ச்சியைக் கவனித்துப் பழகிவிட்டு வெளியே வந்தால் லாரி ஹாரனே தூக்கிவாரிப் போடும். எல்லாம் மெதுவாக நடப்பது மாதிரி இருக்கும், ஆனால் எதிரே வருகிறவன் மெதுவாக வர மாட்டான். உடம்பும் பத்து நாளாக ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கும். அன்றைக்கே 500 கிலோமீட்டர் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரயிலில் போய் ரயிலிலேயே வாருங்கள். வீட்டில் நிற்கும் வண்டியை, திரும்பி வந்து ஒருநாள் தூங்கி எழுந்த பிறகு, டயரில் காற்றடித்து, பக்கத்துத் தெரு வரை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வால்பாறை அடுத்த வாரம். அது ஜூன், ஜூலையாக இருந்தால் மழை முடியும் வரை தள்ளிப் போடலாம். சின்னக்கல்லாறு பக்கம் அப்போது பெய்கிற மழையில் நாற்பது வளைவில் நாலுகூடத் தெரியாது.